காங்கேசன்துறை வீதியின் கலைஞர்களும் நமது மண்டபமும்

பரிசளிப்பு விழா என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது மேளச் சத்தம்தான். பிரதம விருந்தினரின் வாகனம் கேற்றடியில் வந்து நின்றதும் நாதஸ்வரமும் தவிலும் எழும். கஞ்சி போட்டு மினுக்கிய வெள்ளைச் சீருடையோடு இருபுறமும் வரிசையாக நின்ற நாம், தவிலின் நடைக்கு ஏற்பக் காலடி வைக்கப் பார்த்து, மாணவத் தலைவியிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறோம். மண்டப வாசல் வந்ததும் மேளம் நிற்கும். விருந்தினர் உள்ளே போவார். வித்துவான்கள் வெளியே மாமரத்தின் கீழ் வாங்கில் அமர்ந்து சோடா குடிப்பார்கள். உள்ளே மங்கல விளக்கேற்றி நிகழ்ச்சி தொடங்கும். அவர்கள் ஏன் உள்ளே வரவில்லை என்று பள்ளிக் காலம் முழுவதிலும் நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, நாற்பது வயதுக்கு மேல் உண்ண வேண்டியவை, தவிர்க்க வேண்டியவை பற்றித்தான் எழுதுவோம் என்று எதிர்பார்த்திருப்பார்கள். மருத்துவரிடம் வேறு எதைக் கேட்பது? ஆனால் நூறு ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கும்போது, நமது கல்லூரியைச் சுற்றியிருந்த ஊர்கள் எப்படிப்பட்ட கலைஞர்களை உருவாக்கின, அந்த ஊர்களின் நடுவே இருந்த நாம் அவர்களிடமிருந்து எதைப் பெற்றோம், எதைப் பெறாமல் விட்டோம் என்ற கேள்விதான் மனதில் நிற்கிறது. அதை எழுதுவதே சரியெனப்பட்டது.

ஒரு வீதி, பல ஊர்கள்

யாழ் நகரிலிருந்து வடக்கே காங்கேசன்துறைக்குப் போகும் வீதியை நாம் எல்லோரும் அறிவோம். அதன் நீளம் 20 கிலோமீற்றருக்கும் குறைவு. கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். மல்லாகத்தில் மேற்கே திரும்பினால் அளவெட்டி. இந்தச் சிறிய நிலத்துண்டில் கடந்த நூற்றாண்டில் தோன்றிய கலைஞர்களை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

"மண்ணின் மகிமை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். மலர்களில் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் மண் தானாகத் தவில் வாசிப்பதில்லை. வலிகாமத்துச் செம்மண்ணில் கிணற்று நீரை இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டார்கள். விளைச்சலில் ஒரு பங்கு கோயிலுக்குப் போனது. ஒவ்வொரு குறிச்சிக்கும் ஒரு கோயில். ஒவ்வொரு கோயிலுக்கும் கொடியேற்றம், தேர், தீர்த்தம். நல்லூரில் மட்டும் 25 நாள் திருவிழா. ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடும்பத்தின் அல்லது ஒரு பகுதியினரின் உபயம். "எங்கடை திருவிழாவுக்கு ஆர் மேளம்?" என்பதில் ஊர்களுக்கிடையே போட்டி இருந்தது. அந்தப் போட்டிதான் கலைஞருக்குச் சோறு போட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வித்துவான்கள் திருவிழாக் காலத்துக்கு வந்து வாசித்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் அவர்களைக் கேட்டு வளர்ந்தார்கள். கேட்டவர்களில் சிலர் அவர்களையே மிஞ்சினார்கள்.

அப்படி வந்தவர்தான் தவில் மேதை தட்சிணாமூர்த்தி. 1933இல் இணுவிலில் பிறந்தவர். தந்தை விசுவலிங்கமும் தவில் வித்துவான். பின்னாளில் அளவெட்டியில் வாழ்ந்த தட்சிணாமூர்த்தி, தமிழ்நாட்டுக்குச் சென்று அங்குள்ள முதல்வரிசை நாதஸ்வர வித்துவான்களுக்கு வாசித்தபோதும் பெயரோடு யாழ்ப்பாணத்தைச் சேர்த்தே அழைக்கப்பட்டார். 1975இல் மறைந்தபோது அவருக்கு 41 வயதுதான். நாற்பது ஆண்டுகள் கழித்து, அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்திய தேசிய விருது பெற்றது. அதே அளவெட்டியில்தான் நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனும் இருந்தார்.

ஒரு கலைஞரை உருவாக்குவது குருவும் சாதகமும் மட்டும் அல்ல. விடிய விடிய வீதியில் பாய் விரித்து இருந்து, எந்த இடத்தில் தலையாட்ட வேண்டும், எந்த இடத்தில் முகம் சுளிக்க வேண்டும் என்று தெரிந்த ஒரு ஊர் வேண்டும். வலிகாமத்தில் அப்படியான ஊர்கள் நடந்துபோகும் தூரத்தில் பல இருந்தன. நம்மிடம் ஒருமுறை மணிக்கட்டு வலியோடு ஒரு தவில்காரர் வந்தார். வலக்கை விரல்களில் கூடு போட்டுப் போட்டுத் தோல் காய்த்திருந்தது. இடக்கை கழி பிடித்து வீங்கியிருந்தது. மூன்று கிழமை ஓய்வு என்று எழுதினோம். "கொடியேறின பிறகு ஓய்வெண்டால் எப்பிடி டொக்டர்? அங்கை சனமெல்லோ பாத்துக்கொண்டிருக்கும்" என்றார். அவர் பயந்தது வலிக்கு அல்ல, கேட்கத் தெரிந்த சனத்துக்கு.

அந்தச் சனத்தில் ஒருவர்தான் 'மகாகவி' உருத்திரமூர்த்தி. 1927இல் அளவெட்டியில் பிறந்த கவிஞர். அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டே எழுதினார். ஈழத்து ஊர்ப் பேச்சின் ஓசையைச் செய்யுளுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அவர். அவருடைய 'கோடை' என்ற பா நாடகம் ஒரு நாதஸ்வர வித்துவானின் வீட்டில் நடக்கிறது. ராஜாவையும் ராணியையும் பாடி வந்த மேடையில், கோயில் மேளகாரரின் வீட்டுத் திண்ணையும் குடும்பக் கவலையும் ஏறின. அளவெட்டியில் பிறவாத ஒருவருக்கு அந்த வீட்டின் உட்புறம் தெரிந்திருக்குமா? ஊர் கவிஞருக்குத் தந்தது வெறும் பின்னணி அல்ல. பேசுவதற்கு ஓசையும் பேச வேண்டிய ஆட்களும் தந்தது.

கடலோரம்

வீதியின் வடக்கு முனை காங்கேசன்துறை. துறைமுகமும் புகையிரத நிலையமும் உள்ள ஊர். சீமெந்து ஆலையும் முன்னர் அங்கே இயங்கியது. 'நடிகமணி' வி. வி. வைரமுத்து 1924இல் பிறந்தது அங்கே. தமிழ்நாட்டிலிருந்து வந்த நாடகக் கம்பனிகள் விட்டுச்சென்ற ஹார்மோனியப் பாட்டு இங்கே இசை நாடகமாக வேரூன்றியது. வைரமுத்துவின் வசந்த கான சபா அதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனது. 'அரிச்சந்திர மயான காண்டம்' ஆயிரக்கணக்கான தடவைகள் மேடையேறியதாகச் சொல்வார்கள். நம் அம்மம்மாமார் அந்தக் கதையைச் சொல்லும்போதே கண் கலங்குவார்கள்.

ஏன் இந்தக் கதை இந்த மண்ணில் இப்படி ஒட்டிக்கொண்டது? அரசன் ஒருவன் சுடலை காப்பவனின் அடிமையாகி, தன் மகனின் பிணத்தோடு வந்த மனைவியிடமே கூலி கேட்கிறான். கோயிற் கதவு சிலருக்குப் பூட்டியும், கிணற்று வாளி சிலருக்கு மறுக்கப்பட்டும், சுடலையும் சாதிக்கொன்றாகவும் இருந்த ஊர்களில் அந்தக் காட்சி வெறும் புராணமாக இருந்திருக்காது. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்தது. ஆனாலும் 1968இல் காங்கேசன்துறைக்குப் பக்கத்திலேயே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டச் சூழலில் எழுந்த 'கந்தன் கருணை' நாடகம், கோயில் முன்றில்களில் ஆடப்பட்டுவந்த காத்தவராயன் கூத்தின் மெட்டையே எடுத்துக்கொண்டது. ஒரு பிரதேசம் தன் கலைஞருக்குத் தன் அழகை மட்டுமல்ல, தன் அநீதியையும் கொடுக்கிறது. நல்ல கலைஞர் இரண்டையும் வாங்கிக்கொள்கிறார்.

நகரின் குருநகர், பாஷையூர், நாவாந்துறைக் கரைகளில் வேறொரு மரபு. அங்கே மீன்பிடிக் குடும்பங்களுக்கு நடுவே கத்தோலிக்க நாட்டுக்கூத்து வளர்ந்தது. அண்ணாவியார் பாடிக்கொடுக்க, எஸ்தாக்கியார் போன்ற புனிதர்களின் கதைகள் விடியும்வரை ஆடப்பட்டன. பூந்தான் யோசேப்பு போன்ற பெரும் கூத்துக் கலைஞர்கள் அந்தக் கரைகளின் பெருமை. குருநகரில் 1933இல் பிறந்த ஓவியர் மாற்குவும் அந்தச் சூழலிலிருந்து வந்தவர்தான். சித்திர ஆசிரியராக இருந்து, சுற்றியிருந்த மனிதர்களையும் போரின் முகங்களையும் நவீன ஓவியமாக்கினார். அதைவிட முக்கியம், தன்னைத் தேடிவந்த பிள்ளைகளுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தார். அவரிடம் கற்றவர்களில் பெண்கள் பலர். ஓவியர் வாசுகி அவர்களில் ஒருவர்.

பெண்பிள்ளைகளுக்கு எந்தக் கதவு?

இவ்வளவு பெயர்களிலும் பெண்கள் எத்தனை பேர் என்று வாசிக்கும்போதே எண்ணியிருப்பீர்கள். கூத்து இரவில் ஆடப்பட்டது. நல்ல குடும்பத்துப் பெண்பிள்ளைக்கு இரவில் வெளியே வேலையில்லை. மயான காண்டத்தில் சந்திரமதியாக அழுதவர் பெரும்பாலும் ஆண்தான். தவிலும் நாதஸ்வரமும் தந்தையிடமிருந்து மகனுக்குப் போயின. நமது பாட்டிமார் வேலிக் கிடுகின் இடுக்கால் கேட்ட சங்கீதமே அவர்களது சங்கீதக் கல்வி.

நமக்குத் திறந்த முதற் கதவு பள்ளிக்கூடம். சேர் பொன். இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கெனக் கல்லூரி தொடங்கினார். அந்த வளவிலேயே 1960இல் இராமநாதன் இசைக்கல்லூரி எழுந்தது. பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இணுவிலின் நாதஸ்வரம் கேட்கும் தூரத்தில் பெண்கள் வீணையும் வாய்ப்பாட்டும் நடனமும் முறையாகக் கற்றுப் பட்டம் பெற்றார்கள். நமக்குச் சங்கீதம் படிப்பித்த மிஸ்மார் பலர் அங்கே படித்தவர்கள்தான். அந்த ஒரு நிறுவனம் வடபகுதிப் பாடசாலைகளுக்கெல்லாம் ஆசிரியர்களைக் கொடுத்தது.

நமது கல்லூரியும் தன் அளவில் ஒரு கதவாக இருந்தது. வாணிவிழா, தமிழ்த்தினப் போட்டி, இல்ல நாடகம். ஆண் வேடத்துக்கு மை மீசை வைத்துக்கொண்டு நாமே அரசர், நாமே மந்திரி, நாமே சேவகன். வெளியே ஆண்கள் பெண்ணாக நடித்த காலத்தில் உள்ளே நாம் ஆணாக நடித்தோம். சிரிப்பாக இருந்தாலும், உரத்துப் பேசவும் நிமிர்ந்து நிற்கவும் கற்றது அந்த மீசையோடுதான். 1986இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்ற பெண் கவிஞர்களின் தொகுப்பை வெளியிட்டது. அதற்கு முன் அப்படியொரு தொகுப்பு இங்கே வந்ததில்லை. வேலி இடுக்கால் கேட்ட தலைமுறையின் பேத்திமார் தம் பெயரோடு எழுதினார்கள்.

ஆனால் நமது கதவும் எல்லாவற்றுக்கும் திறக்கவில்லை. பரதமும் கர்நாடக சங்கீதமும் மேடையேறின. கூத்து ஏறவில்லை. அது "அந்தப் பக்கத்து ஆட்டம்" என்று யாரோ சொன்னது நினைவிருக்கிறது. யார் சொன்னது என்பது முக்கியமில்லை. நாம் யாரும் மறுத்துப் பேசவில்லை என்பதே முக்கியம். தவிற்காரர் வாசலோடு நின்றதும் அதே காரணத்தால்தான்.

இடம் இழந்த காலம்

எமது தொகுதி வளர்ந்த ஆண்டுகளில் மின்சாரம் இல்லை. குப்பி விளக்கில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் பாட்டுப் பெட்டி பாடியது. சுற்றுகிற தம்பி களைத்தால் பாடகரும் களைப்பார்! ஆனாலும் அந்தக் காலத்தில் நாடகம் மங்கவில்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் மேடையேறி ஊர் ஊராகப் போனது. அவருடைய 'எந்தையும் தாயும்' வெளிநாடு போன பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் முதிய பெற்றோரைப் பற்றியது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருந்து இதை வாசிக்கும் தோழியரே, அந்த மேடையில் இருந்தது நம் அம்மா அப்பா. யாழ்ப்பாணத்தின் வெறுமையான வீடுகளே அந்த நாடகத்தை எழுதுவித்தன. 2025 ஜனவரியில் அவர் மறையும்வரை தன் ஊரைவிட்டு அந்த நாடகாசிரியரின் பேனா விலகவில்லை.

இடமே போனபோது என்ன நடந்தது? 1990இல் காங்கேசன்துறையும் சுற்றுப்புறமும் இடம்பெயர்ந்து உயர்பாதுகாப்பு வலயமாயின. வைரமுத்து அதற்கு முதல் ஆண்டு காலமாகியிருந்தார். நாடகம் பார்த்த முற்றங்களில் பற்றை வளர்ந்தது. அந்தச் சனம் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் சிதறியது. 1995 ஒக்ரோபர் முப்பதாந் திகதி இரவு மழையில் நாமும் தென்மராட்சிக்கு நடந்தோம். புத்தகப் பையோடு நடந்தவர்கள், பாட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளியவர்கள் எல்லோரும் இந்த மலரை வாசிப்பீர்கள். அந்த இடப்பெயர்வில் மாற்கு தன் ஓவியங்களை இழந்தார். ஐந்து ஆண்டுகளில், 2000இல், அவரும் காலமானார். நம் காலத்து ஓவியர் சனாதனன் 2011இல் ஒரு நூல் செய்தார். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடான தோம்பின் பெயரையே அதற்கு வைத்தார். இடம்பெயர்ந்தவர்கள் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த படங்கள்தான் அதன் உள்ளடக்கம்.

அந்த நூலைப் பார்த்தபோது நமது நோயாளி ஒருவர் நினைவுக்கு வந்தார். மறதி நோய் முற்றிய ஒரு அம்மா. பிள்ளைகளின் பெயர் மாறிப்போகும். மருந்து போட்டது மறந்துபோகும். "வீடு எங்கை அம்மா?" என்று கேட்டால் மட்டும் கண் தெளியும். கிணற்றடி, அதற்குக் கிழக்கே பலா, குசினிக்குப் பின்னால் தோய்கிற கல், ஒழுங்கை முடிகிற இடத்தில் வைரவர் கோயில். வெள்ளிக்கிழமைகளில் அங்கே யார் பறை அடித்தது என்பதுவரை சொல்வார். நினைவு இடத்தோடு ஒட்டியிருக்கிறது என்று பாடப் புத்தகத்தில் படித்திருந்தோம். அதை அவர் நமக்குக் காட்டினார். கலையும் அப்படித்தான். கலைஞர் பெட்டியில் கொண்டுபோவது சிறிதளவே. மீதி ஊரில் இருக்கிறது.

2009க்குப் பின் மெல்ல மெல்லக் காணிகள் விடப்பட்டன. 2015 ஜனவரியில் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறை வரை வந்தது. கோயில்களில் கொடி ஏறுகிறது, மேளம் ஒலிக்கிறது. வெளிநாட்டுக் காசில் கோபுரங்கள் உயர்கின்றன. ஆனால் பாய் விரித்து விடியும்வரை கேட்கும் சனம் குறைந்துவிட்டது. கோபுரத்தைக் காசு கட்டித்தரும். கேட்கத் தெரிந்த காதைக் காசு தராது. அதைப் பிள்ளை வயதில் ஓரிடத்தில் இருந்து பழகவேண்டும்.

வாசலைத் தாண்டி

இதனால்தான் இந்தக் கட்டுரை. நூற்றாண்டு நிதிக்குப் பல நல்ல யோசனைகள் வந்துள்ளன. கணினிக் கூடமும் விஞ்ஞான ஆய்வுகூடமும் வேண்டியவைதான். மருத்துவராக வந்தவர்கள் அதை மறுக்க மாட்டோம். அதோடு இன்னொன்றையும் சேர்க்கும்படி பழைய மாணவிகள் எல்லோரையும் கேட்கிறோம். கிழமையில் ஒரு பின்னேரம் நமது மண்டபம் பயிற்சிக்குத் திறந்திருக்கட்டும். குருநகரிலிருந்து ஒரு அண்ணாவியார் வரட்டும். இணுவிலிலிருந்தோ அளவெட்டியிலிருந்தோ ஒரு தவில் ஆசிரியர் வரட்டும். உரிய வேதனத்தோடும் ஆசிரியர் என்ற மரியாதையோடும் வரட்டும். தவிலைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படும் பிள்ளை எவராயினும், எந்த ஒழுங்கையிலிருந்து வந்தவராயினும், தொடட்டும். எல்லோரும் வித்துவான்களாகத் தேவையில்லை. ஒரு வகுப்பில் ஐந்து பேர் நன்றாகக் கேட்கப் பழகினாலே அடுத்த தட்சிணாமூர்த்திக்கு ஒரு ஊர் கிடைத்துவிடும்.

நூறு ஆண்டுகளாக இந்த வட்டாரம் நமக்குக் கலைஞர்களைத் தந்தது. அவர்கள் வாசித்து அழைத்துவர, அந்த இசைக்குப் பின்னால் நடந்து நாம் மண்டபத்துக்குள் போனோம். நூற்றாண்டு விழாவன்றும் மேளம் வரும். பிரதம விருந்தினரை அழைத்துவரும். அன்றைக்கு வித்துவான்களுக்கு முன்வரிசையில் இருக்கை போடும்படி விழாக்குழுவினரிடம் சொல்லியிருக்கிறோம். அவர்களும் சம்மதித்துவிட்டார்கள். வரக்கூடிய எல்லோரும் வாருங்கள். கொஞ்சம் நேரத்தோடு வந்தால் மாமரத்தடியில் கதைத்துவிட்டு, எல்லோரும் ஒன்றாகவே உள்ளே போகலாம்.